பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

காலை ஐந்தரை மணி. தெருவில் பால் வண்டியைத் தவிர வேறு அரவமில்லை. என் புல்லட் நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் ஓடி மூச்சு சீராகியிருந்தது. கிளட்ச் லிவரைக் கைப்பிடியோடு ஒட்டும்வரை அமுக்கிக்கொண்டு, வலது காலால் கியரை மேலே தூக்கினேன். ‘டடக்’ என்று ஓர் அடி. வண்டி ஒரு முழம் முன்னால் பாய்ந்து அணைந்துபோனது. லிவர் அப்போதும் என் கைக்குள்தான் இருந்தது. கிளட்ச் அமுங்கியிருக்கிறது, ஆனாலும் இன்ஜினும் சக்கரமும் ஒன்றையொன்று விடவில்லை.

1981-ல் திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிறந்த 346 சி.சி. வண்டி அது. கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது கப்பலேறி வந்த வடிவம். ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அதே வார்ப்பிரும்பு இன்ஜின் சென்னையில் உருவாகிக்கொண்டிருந்தது. அதனால் பழைய பிரிட்டிஷ் கிளட்ச் ஒன்றின் கோளாறைப் பற்றிப் பேசுவது நமக்கு அருங்காட்சியகப் பேச்சு அல்ல. பக்கத்துத் தெருவில் நிற்கிற வண்டியின் பேச்சு.

அதற்குள் என் வண்டிக்கு இரண்டு முறை கிளட்ச் வேலை நடந்திருந்தது. முதல் பட்டறையில் “கிளட்ச் போயிடுச்சு சார்” என்று பிளேட்டுகளை மாற்றினார்கள். மூன்று வாரத்தில் பழைய கதை. அடுத்த பட்டறையில் ஸ்பிரிங் மாற்றினார்கள். லிவர் கல்லாய்ப் போனது, கோளாறு போகவில்லை. இரண்டு இடத்திலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: கிளட்ச் பிடிக்கவில்லையா, விடவில்லையா?

“கிளட்ச் போயிடுச்சு” என்ற ஒரே வாக்கியத்துக்குள் நேரெதிரான இரண்டு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, லிவரை விட்ட பிறகும் பிளேட்டுகள் ஒன்றையொன்று முழுதாகப் பிடிக்காமல் வழுக்குவது. மெக்கானிக்குகள் இதை ஸ்லிப் என்பார்கள். மற்றது, லிவரை அமுக்கிய பிறகும் பிளேட்டுகள் முழுதாகப் பிரியாமல் உரசிக்கொண்டே இருப்பது. ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து மற்றதை வளர்க்கும். கேபிளை இறுக்கினால் பிரிவது நன்றாகும், பிடிப்பது கெடும். தளர்த்தினால் பிடிப்பது நன்றாகும், பிரிவது கெடும். எந்த நோய் என்று தெரியாமல் ஸ்பேனரை எடுப்பவர் பாதிக்குப் பாதி தவறான திசையில்தான் திருகுவார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். இன்ஜினின் இடப்பக்கம், நீள்வட்டமான அலுமினிய மூடிக்குள், 25 பல் கொண்ட சிறு சக்கரம் ஒரு செயின் வழியாக 56 பல் கொண்ட பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தப் பெரிய சக்கரம்தான் கிளட்ச் டிரம். அது எப்போதும் இன்ஜினோடு சுற்றும். அதன் நடுவில் உள்ள ஹப், கியர்பாக்ஸின் தண்டோடு சுற்றும். டிரம்மோடு சேர்ந்து சுற்றும் பிளேட்டுகளும் ஹப்போடு சேர்ந்து சுற்றும் பிளேட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலே ஒரு பிரஷர் பிளேட். அதை ஸ்பிரிங்குகள் உள்நோக்கி அழுத்துகின்றன. அந்த அழுத்தமும் உராய்வும்தான் இன்ஜினையும் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே உறவு. ஆணியோ பல்லோ எதுவும் அந்த இடத்தில் கிடையாது.

இன்ஜினின் முறுக்குவிசை 25 நியூட்டன்-மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பல் கணக்கின்படி கிளட்சுக்கு வந்து சேருவது 56. இதை ஆறு தொடுபரப்புகள் பகிர்ந்துகொள்கின்றன; ஒவ்வொன்றின் சராசரி ஆரம் 6 செ.மீ.; எண்ணெயில் நனைந்த பரப்பின் உராய்வுக் கெழு 0.1 என்று வைத்துக்கொள்வோம். அந்த 56-ஐ வழுக்காமல் தாங்க, ஸ்பிரிங்குகள் சுமார் 1,560 நியூட்டன் விசையோடு அழுத்த வேண்டும். ஏறக்குறைய 160 கிலோ எடையைத் தூக்கி அந்தப் பிளேட்டுகள் மேல் வைத்தது போல. இந்த அழுத்தத்தைத்தான் நீங்கள் ஒவ்வொரு சிக்னலிலும் நான்கு விரலால் விலக்குகிறீர்கள். கைப்பிடி லிவர் ஐந்து மடங்கும் கியர்பாக்ஸில் உள்ள சிறு நெம்புகோல் ஐந்து மடங்கும் பெருக்கித் தந்தால், 160 கிலோ கைக்கு வரும்போது ஆறரை கிலோ ஆகிறது.

ஆனால் நெம்புகோல் இலவசமாக எதையும் தராது. விசையில் 25 மடங்கு லாபம் என்றால் தூரத்தில் 25 மடங்கு நஷ்டம். லிவரின் நுனி 50 மி.மீ. நகர்ந்தால் கேபிள் 10 மி.மீ. நகரும், பிரஷர் பிளேட் 2 மி.மீ. விலகும். அந்த 2 மி.மீட்டரை ஆறு பரப்புகள் பங்கு போட்டுக்கொண்டால் ஒன்றுக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு மில்லிமீட்டர். தபால் அட்டை ஒன்று நுழையும் இடைவெளி. நான் எடுத்துக்கொண்ட எண்கள் கணக்குக்கானவை. வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். ஆனால் அளவின் தன்மை இதுதான். கேபிளில் 4 மி.மீ. தொய்வு விழுந்தால் பிளேட்டுகளுக்கு நடுவே மிஞ்சுவது 0.2 மி.மீ. கிளட்ச் கோளாறுகளில் பெரும்பகுதி பிளேட்டில் இல்லை, இந்தத் தூரக் கணக்கில்தான் இருக்கிறது என்று நான் நம்புவது இதனால்தான்.

மூன்றாவதாக நான் போனது திருவொற்றியூர்ப் பக்கம், வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருந்த ஒரு வயதான மெக்கானிக்கிடம். வண்டியைப் பார்த்தார், தொடவில்லை. “ஸ்விட்சை அணைச்சிடு தம்பி. நியூட்ரல்ல வை. லிவரை அமுக்கிக்கிட்டுக் கிக்கரைக் கையால அமுக்கிப் பாரு.”

இந்த வண்டிகளின் கிக்கர் நேராக இன்ஜினைச் சுற்றுவதில்லை. கிக்கர் கியர்பாக்ஸைச் சுற்றும். கியர்பாக்ஸ் கிளட்ச் ஹப்பைச் சுற்றும். ஹப் பிளேட்டுகள் வழியாக டிரம்மைச் சுற்றும். டிரம் செயின் வழியாக இன்ஜினைச் சுற்றும். அதாவது நாம் உதைக்கிற ஒவ்வோர் உதையும் கிளட்சைக் கடந்துதான் பிஸ்டனுக்குப் போகிறது. வண்டியைத் திறக்காமல் கிளட்சைச் சோதிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. கிக்கர் இன்ஜினோடு நேரடியாக இணைந்திருக்கும் பிற்கால ஜப்பானிய வடிவ வண்டிகளில் இந்த வசதி கிடையாது.

லிவரை அமுக்கியபடி கிக்கரை அழுத்தினால் அது லேசாக இறங்க வேண்டும். இன்ஜின் அசையக் கூடாது. கனமாக இறங்கினால், அல்லது இன்ஜின் கூடவே சுற்றினால், பிளேட்டுகள் பிரியவில்லை. லிவரை விட்டுவிட்டு அழுத்தினால் கிக்கர் கம்ப்ரஷனில் முட்டி நிற்க வேண்டும். முட்ட வேண்டிய இடத்தில் வெண்ணெயை வெட்டுவது போல வழுக்கிக்கொண்டு இறங்கினால் பிடிப்பு போதவில்லை. ஒரு குழப்பம் வரலாம்: கிக்கரின் ராட்செட் பல் தேய்ந்தாலும் உதை வீணாகும். அப்போது பெரும்பாலும் ‘கடகட’வென்று பல் தாண்டும் சத்தம் கேட்கும், கிளட்ச் வழுக்குவது சத்தமில்லாமல் நடக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால், இரண்டாவது கியரில் போட்டு லிவரை விட்டுவிட்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். இன்ஜின் முட்டி நின்று, பிறகு சுற்றினால் கிளட்ச் பிடிக்கிறது. கோளாறு கிக்கர்ப் பக்கம்.

ஓட்டும்போது ஸ்லிப்பைக் கண்டுபிடிக்க, ஆளில்லாத சாலையில் நான்காவது கியரில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்குங்கள். வேகம் ஏறாமல் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறினால் வழுக்குகிறது. மேட்டில், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது, இது இன்னும் தெளிவாகத் தெரியும். பிரியாத கிளட்சின் குணம் வேறு. நின்ற இடத்தில் நியூட்ரல் விழாது. சிக்னலில் முதல் கியரில் நிற்கும்போது வண்டி முன்னால் ஊர்ந்துகொண்டே இருக்கும். கியர் மாற்றும்போது பல் நறநறக்கும். நியூட்ரலுக்காகவே தனியாக ஒரு மிதி வைத்திருக்கிற இந்த வண்டியில், அதை மிதித்தும் நியூட்ரலுக்கு மல்லுக்கட்டினால் அது கியர்பாக்ஸின் குற்றம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

நான் கிக்கரை அழுத்தினேன். கனமாக இருந்தது. “பிரியலை அண்ணே,” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வி கேட்டார்.

“அட்ஜஸ்ட் பண்ணா எத்தனை நாள் தாங்குது?”

“மூணு, நாலு நாள்.”

“அப்புறம் லிவர் லூஸாகுதா, டைட்டாகுதா?”

யோசித்தேன். “லூஸாகுது.”

“அப்ப பிளேட்டு இல்ல.”

அந்த நாலு வார்த்தை உரையாடலில் இருந்த அறிவியலை நான் புரிந்துகொள்ள அன்று மாலை ஆனது.

கியர்பாக்ஸின் மையத் தண்டு உள்ளீடற்றது. அந்தத் துளைக்குள் ஒரு நீண்ட எஃகுக் கம்பி கிடக்கிறது: புஷ் ராடு. வலப்பக்கம் கேபிள் இழுக்க, நெம்புகோல் ராடைத் தள்ள, ராடு வண்டியின் குறுக்கே பயணப்பட்டு இடப்பக்கத்தில் பிரஷர் பிளேட்டை வெளியே தள்ளுகிறது. லிவரை விட்ட நிலையில் ராடுக்கும் பிளேட்டுக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம் இருந்தாக வேண்டும். அதுதான் கையில் ஃப்ரீ பிளே என்று தெரிகிறது. லிவர் அதன் பிடிமானத்தோடு சேரும் இடத்தில் 2 முதல் 3 மி.மீ. ஆட்டம் இருப்பது வழக்கம். அது இல்லாமல் போனால் ராடு எந்நேரமும் பிளேட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஸ்பிரிங்கின் விசையில் ஒரு பகுதி ராடின் முனையில் போய் வீணாகும், கிளட்ச் வழுக்கும்.

இப்போது பிளேட்டுகள் தேய்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அடுக்கின் மொத்தக் கனம் குறையும். பிரஷர் பிளேட் முன்பைவிட உள்ளே, ராடை நோக்கி நகரும். வெற்றிடம் குறையும். லிவர் இறுகும். கேபிள் இழுபட்டு நீண்டாலோ, ராடின் முனை தேய்ந்து குட்டையானாலோ நேரெதிர்: வெற்றிடம் கூடும், லிவர் தளரும். ஆட்டம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் பிளேட் தேய்கிறது. கூடிக்கொண்டே போனால் கேபிளிலோ ராடிலோ ஏதோ கரைகிறது. ஃப்ரீ பிளே எவ்வளவு என்பதைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே நோயைச் சொல்லும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை லிவர் இடைவெளியை அளந்து, தேதி போட்டு எழுதி வைத்தாலே போதும். தேவையில்லாத பிளேட்டுகளுக்கு நான் கொடுத்த பணம் மிஞ்சியிருக்கும்.

தளர்வின் பக்கம் வந்துவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது கேபிள்; விலை குறைவு, கண்ணுக்கு எட்டும் தூரம். லிவரில் மாட்டியிருக்கும் உருளை முனை தன் குழியில் சுழல வேண்டும். துரு பிடித்துச் சுழலாமல் நின்றால், ஒவ்வொரு அமுக்கலுக்கும் கம்பி அதே புள்ளியில் மடங்கி நிமிரும். இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஒரு இழை அறுந்தாலும் மற்றவை கூடுதலாக நீளும். ஒரு சொட்டு எண்ணெய் போதும், இது நடக்காமல் தடுக்க. அடுத்து அவுட்டர். வெளியுறையின் முனைக் குப்பி உடைந்திருந்தால், நாம் இழுக்கும்போது உள்கம்பி நகர்வதற்குப் பதில் உறை சுருங்கும். இழுத்த தூரம் வழியிலேயே செலவாகிவிடும். ஹேண்டில் பாரை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை திருப்பிக்கொண்டே லிவரின் ஆட்டத்தைக் கவனியுங்கள். திருப்பத்தோடு ஆட்டமும் மாறினால் கேபிள் போகும் பாதை சரியில்லை.

கேபிள் சரி என்றால், கியர்பாக்ஸின் வலப்பக்கச் சிறு மூடியைக் கழற்றினால் லாக் நட்டோடு ஓர் அட்ஜஸ்டர் ஸ்குரூ தெரியும். இங்கே பலர் செய்கிற தவறு, கேபிளின் நட்டை மட்டுமே திருகிக்கொண்டிருப்பது. முதலில் கேபிளை முழுதாகத் தளர்த்தி, இந்த ஸ்குரூவை ராடைத் தொடும்வரை மெதுவாக உள்ளே விட்டு, கால் முதல் அரைச் சுற்று பின்வாங்கி, லாக் நட்டை இறுக்க வேண்டும். அதன் பிறகே கேபிள். வரிசை முக்கியம். உள்ளிருக்கும் நெம்புகோல் சரியான கோணத்தில் நின்றால்தான் கேபிளின் இழுப்பு முழுதாக ராடின் நகர்வாக மாறும். கோணம் சாய்ந்துவிட்டால் கையில் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். உள்ளே 2 மி.மீ. நகர வேண்டிய பிளேட் ஒன்றரைதான் நகர்ந்திருக்கும்.

காலை நேரத்து ‘டடக்’குக்கு மட்டும் தனிக் காரணம் ஒன்று உண்டு, அது கோளாறே அல்ல என்றுகூடச் சொல்லலாம். கழுவிய ஈரத்தோடு எவர்சில்வர் தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இல்லையா? மேல்தட்டைச் சட்டென்று தூக்கினால் கீழ்த்தட்டும் கூடவே வரும். பொறுமையாக இழுத்தால் பிரியும். நடுவிலுள்ள நீர்ப்படலம் விரிய வேண்டுமென்றால் ஓரத்திலிருந்து நீரோ காற்றோ உள்ளே ஓடி வந்தாக வேண்டும். இடுக்கு குறுகலானது, ஓட்டம் மெதுவானது. 1874-ல் வியன்னாவில் யோசஃப் ஸ்டீஃபன் இதையே தட்டுகளை வைத்து அளந்தார். வெப்பக் கதிர்வீச்சு விதியில் போல்ட்ஸ்மானோடு சேர்ந்து நாம் கேள்விப்படும் அதே ஸ்டீஃபன். தட்டுகளுக்கு நடுவேயுள்ள படலத்தின் கனம் பாதியானால், பிரிய எடுக்கும் நேரம் நான்கு மடங்காகிறது. திரவம் எவ்வளவு பிசுபிசுப்போ அவ்வளவு தாமதம்.

இரவு முழுக்க 160 கிலோ அழுத்தத்தில் கிடக்கும் பிளேட்டுகளுக்கு நடுவிலிருந்து எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கி வெளியேறுகிறது. காலைக்குள் மிஞ்சுவது மிக மெல்லிய படலம். அதோடு, அசையாமல் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பரப்புகளின் பிடிப்பு நேரம் ஆக ஆகக் கூடும் என்பதைப் பிரெஞ்சுப் பொறியாளர் கூலாம் 1780-களிலேயே பதிவு செய்திருக்கிறார். மின்னூட்ட விதிக்குப் பெயர் தந்தவர்தான் உராய்வையும் இத்தனை பொறுமையாக அளந்தார். இவ்வளவும் சேர்ந்து இறுகிய அடுக்கு, ஸ்பிரிங் அழுத்தம் விலகிய உடனே பிரிந்துவிடாது. லிவரை அமுக்கியபடி, ஸ்விட்ச் போடாமல், நாலு உதை கொடுத்தால் கனமாக இருந்த கிக்கர் திடீரென்று லேசாகும். பிளேட்டுகள் விட்டுவிட்டன என்று காலுக்கே தெரியும். பிறகு ஸ்விட்ச் போட்டு ஸ்டார்ட் செய்தால் முதல் கியர் சத்தமில்லாமல் விழும். நான் இதை ஒவ்வொரு காலையும் செய்கிறேன். கியர்பாக்ஸின் பற்களுக்கு அது ஒரு மரியாதை.

இதற்கப்புறமும் குளிர்ந்த நிலையில் மட்டும் பிரியாமல், சூடானதும் சரியாகிவிட்டால் எண்ணெயைச் சந்தேகியுங்கள். பழைய புல்லட்டில் கிளட்ச் இருக்கும் செயின் கேஸுக்குத் தனி எண்ணெய். இன்ஜின் எண்ணெயோடு கலப்பதில்லை. கொள்ளளவு சுமார் 420 மி.லி. 20டபிள்யூ50 வகை எண்ணெயின் பிசுபிசுப்பு 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் எட்டு, ஒன்பது மடங்கு அதிகம். விடியற்காலையில் இன்னும் அதிகம். சிலர் மெல்லிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய் ஊற்றி நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். செய்யக் கூடாதது ஒன்று: மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் எண்ணெயை இங்கே ஊற்றுவது. முன்பு போட்ட கணக்கில் உராய்வுக் கெழு 0.1-லிருந்து 0.07-க்கு இறங்கினால், 56 தாங்கிய கிளட்ச் 39-தான் தாங்கும். பிளேட், ஸ்பிரிங், கேபிள் எல்லாம் புதிதாக இருந்தும் மேட்டில் வழுக்கும். மோட்டார் சைக்கிளின் நனைந்த கிளட்சுக்கென்றே ஜப்பானியத் தர அமைப்பு ஜாசோ வகுத்த ‘எம்.ஏ.’ குறியீடு உள்ள எண்ணெய் பாதுகாப்பானது.

அளவும் முக்கியம். செயின் கேஸில் மட்டம் பார்க்கும் ஸ்குரூ இருக்கிறது. அதைக் கழற்றினால் எண்ணெய் லேசாகக் கசிய வேண்டும். நீங்கள் ஊற்றியதைவிட அதிகமாக வழிந்தால், கிராங்க் தண்டின் சீல் தேய்ந்து இன்ஜின் எண்ணெய் உள்ளே புகுந்திருக்கிறது. நாள்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும்.

இத்தனைக்கும் பிறகுதான் மூடியைத் திறப்பது. பழைய புல்லட்டின் வடிவமைப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. இடப்பக்க ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் விலக்கி, அடியில் ஒரு தட்டு வைத்து, நடுவிலுள்ள ஒரே ஒரு பெரிய நட்டைக் கழற்றினால் முழு மூடியும் கையோடு வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு ஸ்குரூ கிடையாது. யாரோ ஒரு பொறியாளர் சாலையோரத்தில் வண்டியோடு நிற்கப்போகிறவனை நினைத்து இதை வரைந்திருக்கிறார்.

திறந்தவுடன் எதையும் கழற்ற வேண்டாம். லிவரை ஒருவர் அமுக்க, கிக்கரை மெதுவாகச் சுற்றி, பிரஷர் பிளேட்டைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அது ஒரே மட்டமாகச் சுற்ற வேண்டும். பண்டிகைத் தேர்போல் ஒருபக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டு வந்தால், ஸ்பிரிங்குகளின் அழுத்தம் சமமாக இல்லை. ஒருபக்கம் பிரிந்தும் மறுபக்கம் உரசியும் நிற்கும். அடுத்து, பிளேட்டுகளின் காதுகள் அமர்ந்திருக்கும் டிரம்மின் காடிகளையும் ஹப்பின் பற்களையும் விரல் நகத்தால் தடவுங்கள். பல வருட இடியில் அங்கே சிறு பள்ளங்கள் விழுந்திருக்கும். பிரிய முயலும் பிளேட் அந்தப் பள்ளத்தில் போய் மாட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் நகத்துக்குத் தெரியும். ஆழமில்லாவிட்டால் மெல்லிய அரத்தால் சமன் செய்யலாம். ஆழமென்றால் மாற்றுவதே சரி.

ஸ்டீல் பிளேட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு தடித்த கண்ணாடித் துண்டு போதும். மேலே வைத்து ஃபீலர் கேஜை ஓரத்தில் நுழைத்துப் பாருங்கள். பிரிவதற்கே மூன்றில் ஒரு மி.மீ.தான் கிடைக்கிறது, பிளேட்டின் வளைவு கால் மி.மீ. என்றால் மிச்சம் எங்கே இருக்கிறது? நீலம் பாய்ந்த பிளேட் வழுக்கிச் சூடான வரலாற்றைத் தானே சொல்லிவிடும். பழைய பிளேட்டுகளின் உராய்வுப் பரப்பில் கல்நார் கலந்திருக்கலாம். காய்ந்த பரப்பை உப்புக்காகிதத்தால் தேய்ப்பதும், காற்றடித்துத் தூசியைப் பறக்க விடுவதும் நுரையீரலுக்கு ஆபத்து; ஈரத் துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டிப் போட்டுவிடுங்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் இந்த வேலையைத் தக்கைத் துண்டுகள் செய்தன. எண்ணெயில் ஊறியும் பிடிப்பை இழக்காத பொருள். அதிகச் சூட்டில்தான் கருகிவிடும்.

கிளம்பும்போது வண்டி குலுங்குவதை எல்லாரும் கிளட்சின் தலையில் கட்டுவார்கள். பின்சக்கரத்து ஹப்பின் ரப்பர் துண்டுகளையும் தளர்ந்த பிரைமரி செயினையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

என் வண்டியில் பிரஷர் பிளேட் நேராகச் சுற்றியது. பிளேட்டுகள் புதிது, காடிகள் சுத்தம். பெரியவர் பிரஷர் பிளேட்டை எடுத்துவிட்டு, ஒரு காந்தத் துண்டைத் தண்டின் துளையில் வைத்து ராடை வெளியே உருவினார். துடைத்துவிட்டு வெளிச்சத்தில் காட்டினார். முழுக்கச் சாம்பல் நிறம்; பிளேட்டைத் தொடும் முனையில் மட்டும் விரற்கடை நீளத்துக்கு மயில்கழுத்து நீலம். எஃகின் மேல் அந்த நிறம் வர 300 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும். சிக்னலுக்கு வெகு முன்பே லிவரை அமுக்கி, அமுக்கியபடியே உருண்டு வருவது என் வழக்கம். அப்போதெல்லாம் சுழலும் பிளேட்டுக்கும் சுழலாத ராடுக்கும் நடுவே அந்தச் சிறு முனை, போதிய எண்ணெயில்லாமல், முழு ஸ்பிரிங் விசையோடும் அரைபட்டிருக்கிறது. கடினமாக்கப்பட்ட முனை அந்தச் சூட்டில் மென்மையாகிவிட்டது. மென்மையான எஃகு தேயும். தேய்ந்தால் ஆட்டம் கூடும். திருகிச் சரிசெய்தால் மூன்று நாளில் மறுபடி தேயும். கடினமான புது ஸ்பிரிங் அந்தத் தேய்மானத்தை இன்னும் விரைவாக்கியிருக்கிறது.

புதுப்பேட்டையில் வாங்கி வந்த புது ராடைப் பழையதோடு சேர்த்து மேசையில் நிறுத்தினார். பழையது ஒன்றரை மி.மீ. குட்டை. 2 மி.மீ. நகர்வை நம்பி வாழும் இடத்தில் ஒன்றரை மி.மீ. முனையில் எண்ணெய் தடவி உள்ளே விட்டார். ஒரிஜினல் ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டார். கேபிளும் மாற்றினோம். ஸ்குரூவைத் தொட்டு அரைச் சுற்றுப் பின்வாங்கி, லாக் நட்டை இறுக்கி, லிவரில் 3 மி.மீ. வைத்தார். “நாளைக்குக் காலையில உதைச்சுப் பாரு. ஓடும்போது லிவரை அமுக்கியே வெச்சிருக்காதே,” என்றார்.

ஒரு வாரம் கழித்து அளந்தேன்: 3 மி.மீ. ஒரு மாதம் கழித்து மூன்றரை. கொஞ்சம் பயந்துபோய் அவரிடம் சொன்னேன். புதுக் கேபிள் இழுபட்டுப் படிகிற கணக்கு அது, ஒருமுறை திருகிவிட்டால் நின்றுவிடும் என்றார். திருகினேன். ஆறு மாதம் ஆகிறது. நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக 3, 3, 3 என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன்.